எப்பவும் நடக்கிற நடை

எப்பவும் நடக்கிற மாதிரி நடந்து வாங்கய்யா, அவசரமே இல்ல, என்று அந்தப் பிள்ளை சொன்னதும் பொங்கியண்ணனுக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது, எப்பவும் நடக்கிற மாதிரி எவனாவது பரீட்சைக்காரன் முன்னால் நடந்து காட்டுவானா, எந்த ஊரில் நடக்கும் இது, சங்ககிரியில் பழைய லாரி வாங்கி விற்கிற தரகில் தலை நரைத்தவரிடம் வந்து சொல்கிறாள், பாவம், சின்னப் பிள்ளை, கழுத்தில் ஜெசிந்தா என்று பேர் போட்ட அட்டை தொங்குகிறது, பிசியோதெரபிஸ்டாம், கையில் ஓட்டக் கடிகாரம், ஆஸ்பத்திரி வராந்தாத் தரையில் இங்கே ஒரு மஞ்சள் நாடா, அங்கே ஒரு மஞ்சள் நாடா, இதிலிருந்து அதுவரைக்கும் நடக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அவ்வளவுதானா, அவருடைய ஆபரேஷனே இந்த இரண்டு நாடாவுக்கும் நடுவில்தானே கிடக்கிறது. வயசப் பாத்துக் கத்தி வெக்கிறதில்லீங்க, தெம்பப் பாத்துத்தான், என்று போன வாரம் சர்ஜன் சொல்லியிருந்தார். பெருங்குடலில் ஒரு கட்டி, எடுத்துவிடலாம், எடுத்த பிறகு ஆள் எழுந்து நடமாடுவாரா, படுத்த படுக்கையாகிவிடுவாரா, அப்படியே போய்விடுவாரா என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்கிற சோதனை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம் என்றார். அந்த நிமிஷமே பொங்கியண்ணன் மனசில் அதற்கொரு பேர் விழுந்துவிட்டது, எப்.சி., வருஷா வருஷம் லாரியைக் கொண்டுபோய் அதிகாரி முன்னால் நிறுத்தி, ரோட்டில் ஓடத் தகுதி என்று சர்டிபிகேட் வாங்குகிறோமே, அதேதான் இது. எப்.சி.க்குப் போகிற முறை அவருக்குத் தெரியாதா. மொட்டை டயரோடு எவன் போவான், தெரிந்தவனிடம் நல்ல டயராக ஒரு செட் இரவல் வாங்கி மாட்டி, முகப்புக்கு ஒரு பூச்சு பெயிண்ட் அடித்து, கெட்டி ஆயிலை ஊற்றி எஞ்சின் இரைச்சலை அடக்கிக் கொண்டுபோய் நிறுத்துவது, சீல் விழுந்ததும் டயரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு மொட்டையை மாட்டிக்கொண்டு லோடுக்குக் கிளம்புவது, தப்பென்று அவருக்குப் பழக்கமான எவனும் நினைத்ததில்லை, பெண் பார்க்க வருகிற நாளில் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அந்த மாதிரி ஒரு மரியாதை. அதனால்தான் இரண்டு மூன்று நாளாகக் கட்டிலைவிட்டு அதிகம் இறங்காமல் தெம்பைச் சேர்த்துவைத்தார், கடையில் சொல்லிவைத்து ஆட்டுக்கால் சூப் குடித்தார், இன்றைக்கு விடிந்ததும் மீசைக்கு மை, பஸ் இறங்கினதும் குளுக்கோஸ், சட்டைக்குள் இரண்டு பனியன், இடுப்பில் அகல பெல்ட், அதில் வீட்டுச் சாவி ஷெட்டுச் சாவி விற்றுப்போன வண்டிகளின் சாவி எல்லாம் கோத்த கொத்து, எடை பார்க்கிறதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர், எடை மேடையில் லாரிக்காரன் செய்யாத வித்தையா. நடந்தார். நடந்தாரா, டாப் கியரில் போனார், வேட்டி நுனி படபடக்க, மார்பை முன்னால் தள்ளி, அந்த மஞ்சள் நாடாவையும் தாண்டி எதிர்ச் சுவர்வரைக்கும் போய்த் திரும்பி நின்று, போதுமா அம்மிணி, இன்னொருக்கா வேணுமா, என்றார், கேட்கும்போதே அடிவயிற்றில் அந்தக் கட்டி இருக்கிற இடத்தில் யாரோ உள்ளிருந்து விரலால் தட்டுகிற மாதிரி இருந்தது, காதுக்குள் ரத்தம் இரைந்தது, முகத்தை மட்டும் விடவில்லை. நல்ல வேகம்யா, என்று அவள் எழுதிக்கொண்டாள்.

கை பலத்தை அளக்கிற, முள் வைத்த ஒரு பிடியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, அந்தக் காலத்து வண்டியில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிற மாதிரி அமுக்கினார், முள் ஏறியது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள், மார்பில் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார், எழுந்தார், எழுந்தார், கடைசியில் ஒரு தடவை தொடை கேட்கவில்லை, இருமல் வந்ததுபோல் முன்னால் குனிந்து அந்த வேகத்திலேயே எழும்பிச் சமாளித்தார், அவள் பார்த்தாளா பார்க்கவில்லையா, பார்த்த மாதிரியும் இருந்தது. அப்புறம் கேள்வி. எளைச்சிருக்கீங்களாய்யா? எளைக்கறதா, நானா. சீக்கிரம் களைச்சுப் போறீங்களா? நம்ம எதிர்ல பேரம் பேசறவன்தான் களைச்சுப் போவான். அவள் சிரித்தாள், அவருக்கு உற்சாகம் ஏறியது, ஒரு ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. ஒரு வருஷத்துல எங்கயாச்சும் கீழ விழுந்தீங்களா? விழறதா அம்மிணி, அடுத்தவன விழுத்தாட்டித்தான் எனக்குப் பழக்கம், என்று சொன்ன வாய் மூடுவதற்குள், குளியலறைத் தரையின் ஈரம் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. பங்குனி மாதம், காலை நேரம், வாளியைத் தூக்கத் திரும்பினது தெரியும், கீழே கிடந்தது தெரியும், நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் போன் அடித்தது, நின்றது, அடித்தது, நின்றது. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்க முடியவில்லை. அப்போது வாசலில் குரல், அண்ணோவ், சிலிண்டர், அண்ணோவ், என்று சிலிண்டர் கொண்டுவருகிற ஆள், போன தடவைதான் நேரங்கழித்து வந்தான் என்று தெருவே கேட்க வாடா போடா என்று அவனைக் கிழித்திருந்தார், வாயைத் திறந்தார், டேய் என்று ஒரு சொல் போதும், கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது, ஆனால் இடுப்பில் துணியில்லை, மூத்திரம் வேறு போயிருந்தது, அவன் முன்னாலா, இப்படியா, வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை, வரவில்லையா விடவில்லையா. சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் பக்கத்து வீடுவரைக்கும் கேட்டது. மேல் ஜன்னல் வழியாக வெயில் வந்து கால்மாட்டில் விழுந்து, நகர்ந்து, மார்புக்கு ஏறின பிறகு ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தார். எவரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு யார். இல்லீங்களாய்யா, விழவேயில்ல, போட்டுக்கவா? என்று ஜெசிந்தா கேட்டாள், போட்டுக்க என்றார். வீட்ல கூட யாருங்க இருக்காங்க? மக இருக்கறா, மருமவன் இருக்கறான், எல்லாம் ஒண்ணாத்தான், என்றார், பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. சூப்பருங்கய்யா, வெளிய உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் இரவல் டயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் முழங்கால், பிறகு தொடை, பிறகு தோள்பட்டை, சேர்த்துவைத்தது ஒவ்வொன்றாகக் கழன்று போகப் போக அவர் பெஞ்சில் பதிந்து பதிந்து உட்கார்ந்தார், வலது கால் தானாக ஆடியது, இடது காலைத் தூக்கி அதன் மேல் போட்டு அமுக்கிக்கொண்டார். பாஸாகிவிட்டோம், என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார், யாரிடமாவது சொன்னால் நன்றாக இருக்கும், வீட்டுக்காரி பாவாயி இருந்தால், க்கும், பெரிய கலெக்டர் பரீட்சை, என்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்திருப்பாள், அவள் போய் நாலாவது வருஷம், மேனகாவிடம் சொல்லலாம், மகள்தானே, எல்லாம் ஒண்ணாத்தான் என்று இப்போதுதானே எழுதிக் கொடுத்திருக்கிறது. பாவாயியின் கருமாதி முடிந்த மத்தியானம் மருமகன் தினகரன் இலைக்கு எதிரில் வந்து மெதுவாக உட்கார்ந்து, மாமா, திருப்பூருக்கே வந்து எங்ககூட இருந்துக்குங்க, தனியா எதுக்கு, என்றான், நல்ல மாதிரியாகத்தான் சொன்னான், அந்த நல்ல மாதிரிதான் பொறுக்கவில்லை, பொண்ணு குடுத்த வீட்ல உக்காந்து சோறு திங்கற அளவுக்கு நான் இன்னும் தேஞ்சு போவலடா, என்று இலையை எடுத்து வீசினார், ரசம் அவன் சட்டையில் தெறித்தது, அவன் துடைத்துக்கொண்டான், மேனகாதான் சொன்னாள், இனி நீங்களாக் கூப்பிட்டாத்தான் இந்தப் படியேறுவேன், ஞாபகம் வெச்சுக்குங்க. சொன்னபடியே இருக்கிறாள், யார் மகள். கூப்பிடுவதற்கு வாய் வராத ஆளும் கூப்பிடாமல் வராத ஆளும் ஒரே ரத்தத்தில் பிறந்தால் நடுவில் கிடக்கிற வீடு என்ன செய்யும், தூசி படியும். பெஞ்சில் பக்கத்தில் ஒரு கிழவர், எலும்பும் வேட்டியுமாக, அவர் மகன் பிஸ்கட்டை டீயில் நனைத்து நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான், சிந்தாம வாங்குப்பா, ஏப்பா, பச்சக் கொழந்தயாட்ட, என்று அதட்டிக்கொண்டே விரலால் தாடையைத் துடைத்துவிட்டான், பொங்கியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்பினாலும் டீ வாசனை வந்தது.

ஜெசிந்தா வெளியே வந்தபோது அந்த மகன்தான் எழுந்து மறித்தான். ஏனுங்க மேடம், எங்கப்பாக்கு மார்க்கு ரொம்பக் கொறச்சலுங்களா, ஆபரேஷன் பண்ண மாட்டோம்னு சொல்லிருவாங்களா? அவள், அய்யோ அண்ணா, இது பாஸ் பெயில் எல்லாம் இல்ல, என்றாள், தெம்பு கம்மின்னு தெரிஞ்சா விரட்டி விடறதுக்கா பாக்கறோம், முன்னாடியே தேத்தறதுக்குத்தான், நாலு வாரம் நல்ல சாப்பாடு, தெனம் நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் குடுப்போம், அப்புறம் ஆபரேஷன், முடிஞ்சதும் ஐ.சி.யூ.வுல படுக்கை எடுத்து வெச்சு ஒரு நர்ஸ் பக்கத்துலயே இருப்பாங்க, தெம்பா இருக்கறவங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல, சீக்கிரமே வார்டுக்கு மாத்தி, எழுப்பி நடக்க விட்டு வீட்டுக்கு அனுப்பிருவோம். அவன் விடவில்லை, தெம்பில்லாத ஆளைத் தெம்புன்னு நெனச்சு அறுத்துட்டா என்னங்க ஆவும்? அதான் அண்ணா கஷ்டம். புண்ணு ஆறறது லேட்டாகும், நெஞ்சுல சளி கட்டும், படுத்தவங்க மறுபடி எழுந்திருக்கறது, என்று ஆரம்பித்துக் கிழவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, உங்கப்பாக்கு அப்படியெல்லாம் விட மாட்டோம், என்று கிழவரின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். உங்கப்பாக்கு. உங்கப்பாக்கு என்றால் எங்கப்பன் மகனுக்கு? பொங்கியண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனை வியாபாரம், எத்தனை கைமாற்று, விற்கும்போது ஏற்றிச் சொல்ல வேண்டும், வாங்கும்போது இறக்கிக் கேட்க வேண்டும், இது கிளீனராக வண்டிக்கடியில் படுத்த காலத்திலேயே தெரிந்துகொண்ட பாடம், அடிபட்டுத் தெரிந்துகொண்டது, இதில் மட்டும் அவரை எவனும் ஜெயித்ததில்லை, இன்றைக்கு ஏற்றி ஏற்றிச் சொல்லி எதை விற்றார், யாரிடம் விற்றார். பக்கத்திலேயே இருக்கிற நர்ஸை விற்றுவிட்டார். நாலு வாரத்தை விற்றுவிட்டார். எப்.சி. பார்க்கிற அதிகாரி சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுவார், மொட்டை டயரோடு தொப்பூர் மலை இறக்கத்தில் இறங்குகிறவன் டிரைவர்தானே, இங்கே வண்டியும் நான், டிரைவரும் நான், இறக்கமும் என்னுடைய வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, ஏமாற்றினேன் என்றா, மீசைக்கு மை போட்ட ஆள் சின்னப் பிள்ளை முன்னால் போய் நின்று. சொல்ல வேண்டாம், தேதி குறித்துவிடுவார்கள், நாலு வாரம் அந்த வீட்டில் கட்டியோடு தனியாக உட்கார்ந்திருக்க முடியாது, நாலு வாரத்தில் அது இன்னும் பெருக்குமே, வேண்டாம், சட்டென்று முடியட்டும். முடிந்து கண் விழிக்கும்போது. கண் விழித்தால். உதடு காய்ந்து ஒட்டியிருக்கும், தண்ணி என்று கேட்க வேண்டும், யாரைப் பார்த்துக் கேட்பது, எழுந்திருங்க தாத்தா, நீங்கதான் தெம்பான ஆளாச்சே, நடங்க, என்பார்கள், கால் வராது, மறுபடி தரை, மறுபடி ஈரம். சொல்லிவிடலாம். மேனகாவைக் கூப்பிடலாம், இல்லை, அதற்கு இது தேவலை, இல்லை இதற்கு அது தேவலை, பொங்கியண்ணன் பொங்கியண்ணன் என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள், நர்ஸ்தான், டாக்டர் ரூம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பொங்கியண்ணன் யாருங்க, வாங்க, என்றாள், எழுந்தார், எழவில்லை, மறுபடி எழுந்தார், முழங்கால் மடங்கிப் பெஞ்சிலேயே உட்கார்த்தி வைத்தது.

வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வரும் அவருக்கு, வேறு வழியாக வந்து பழக்கமில்லை. என்னம்மிணி டெஸ்ட் எடுக்கற நீ, என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார், வராந்தா முழுக்கத் திரும்பியது, ஜெசிந்தா ஓடிவந்தாள், ஒரு கெழவன் கண்ணு முன்னால ஏமாத்தறான், அது தெரியாம மார்க்குப் போடறது ஒரு டெஸ்டா, நெஞ்சு அடிக்கிற அடி உனக்குக் கேக்கலியா, இதுக்குத்தான் படிச்சயா? வாட்ச்மேன் வந்தான், பெரியவரே சத்தம் போடாதீங்க என்றான், நீ போடா, இது எனக்கும் அம்மிணிக்கும், என்றார். என்னங்கய்யா ஆச்சு? என்றாள் ஜெசிந்தா. மறுக்கா எடு. எதை? எல்லாத்தையும் மறுக்கா எடு, எல்லாம் பொய், ரெண்டு பனியன் போட்டிருக்கறன். கிழவருக்கு பிஸ்கட் ஊட்டின மகன் களுக்கென்று சிரித்துவிட்டான், ஜெசிந்தாவுக்கும் வந்த சிரிப்பு உதட்டோடு நின்றது, நெசமாவே ரெண்டாய்யா? என்று கேட்டாள், நெசமாத்தான், இந்தச் சாவிக்கொத்தையும் பிடி, என்று பெல்ட்டிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தார், கனத்தில் அவள் கை ஒரு தரம் தாழ்ந்தது. தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை உட்காரவைத்து, மறுபடியும் மஞ்சள் நாடாவுக்குக் கூட்டிப்போனாள். இப்ப எப்பவும் நடக்கிற மாதிரி நடங்கய்யா. நின்றார். எப்பவும் நடக்கிற நடை எது. சந்தையில் நடக்கிறது தெரியும், ஷெட்டில் நாலு பேர் பார்க்க வண்டியைச் சுற்றி வருகிறது தெரியும், யாரும் பார்க்காதபோது சமையல் கட்டிலிருந்து கூடத்துக்கு எப்படிப் போகிறோம், கட்டிலிலிருந்து கக்கூசுக்கு எப்படிப் போகிறோம், அதைப் பார்த்த ஆள் யாருமில்லை, பாவாயி போனதிலிருந்து அந்த நடைக்குச் சாட்சியே இல்லை, அவருக்கே அது தெரியாது. வலது கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினார். கை தானாகச் சுவரைத் தடவிக்கொண்டது, ஓ, இப்படித்தான். தோள் இறங்கியது, பாதம் தூக்காமல் தேய்த்துப் போனது, ஓ, இப்படி. பாதியில் நின்றார், வீட்டிலும் இப்படிப் பாதியில் நிற்பதுண்டு, எதற்கு வந்தோம் என்று யோசிக்கிற பாவனையில், யோசனை ஒன்றுமில்லை, மூச்சுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிஸ்கட் மகன், வாட்ச்மேன், கதவைப் பிடித்தபடி நர்ஸ், பார்க்கட்டும் என்று இருந்தது, பார்க்கட்டும் என்றால் வீம்பாக இல்லை, பார்த்தால் கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி. ஜெசிந்தா பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் திட்டியிருப்பார், பக்கத்திலேயே அதே அளவுக்கு மெதுவாக வந்தாள். அந்த நாடாவை மிதித்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. கீழ விழுந்தீங்களாய்யா? விழுந்தன். யார் தூக்குனாங்க? அவர் சுவரைப் பார்த்தார். ஒருத்தருமில்ல. வீட்ல? அங்கயும்தான் ஒருத்தருமில்ல, அதே ஒருத்தருமில்லதான், எழுதிக்க. எழுதிக்கொண்டாள்.

டாக்டர், போன வாரம் பார்த்த அதே சர்ஜன்தான், இளவயசு ஆள், தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நாலு வாரம் கழிச்சுப் பண்ணுவோம், அதுக்குள்ள உங்களைத் தேத்திக் கொண்டாந்தர்றோம், என்றார். ரெண்டு வாரமாக் கொறச்சுக்குங்க, என்றார் பொங்கியண்ணன். குறைக்க முடியாதுங்க. சரி, எனக்கும் வேண்டாம் உங்களுக்கும் வேண்டாம், மூணு. அய்யா, இதுல பேரமில்ல. பேரமில்லாத எடத்துக்கு நான் வந்ததேயில்லீங்க, என்றார், டாக்டர் சிரித்தார், வாரம் மட்டும் குறையவில்லை. பேரம் படியாத பேச்சை முடித்துக்கொண்டு எழுவதற்குப் பதிலாக அவர் அங்கேயே உட்கார்ந்து, குரலை இறக்கி, அது காத்திருக்குங்களா? என்று கேட்டார், எது என்று டாக்டர் கேட்கவில்லை. இருக்கும்னுதான் நெனைக்கிறேன், பெரும்பாலும் இருக்கும். அவ்வளவுதான் சொல்வார்கள் போலிருக்கிறது, சர்டிபிகேட்டே அவ்வளவுதான். கூட ஒருத்தர் வேணுமே, என்றார் டாக்டர், யாருக்குச் சொல்லட்டும்? கேட்டுச் சொல்றனுங்க, என்றார். வாசலில் வேப்பமரத்து நிழலில் நின்று போனை எடுத்தார், மேனகா என்கிற எழுத்துவரைக்கும் விரல் போனது, அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது, நாளைக்கு என்றார், நாளைக்கு என்றால் நாளைக்கு, பையில் போட்டார். சங்ககிரி பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார், கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தில் பட்பட்டென்று அடித்து, ஏறுங்க அப்பாரு, சட்டுனு ஏறுங்க, நேரமாவுது, என்றார். அப்பாரா, எவனுக்குடா நான் தாத்தன், என்று வார்த்தை தொண்டைவரைக்கும் ஏறியது. படி உயரமாக இருந்தது. கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார், மற்ற கால் தரையைவிட்டு வர மறுத்தது, உள்ளேயிருந்து எல்லா முகங்களும் இந்தப் பக்கம் திரும்பின. எனக்கு மெதுவாத்தான் ஏற வரும், என்றார், கத்தாமல், ஆனால் பஸ் முழுக்கக் கேட்கும்படி. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பொங்கியண்ணன் அவசரப்படவில்லை, கால் தரையைவிட்டுக் கிளம்பி, படியைத் தேடி, பதிந்து, மேலே கனம் ஏறுகிறவரைக்கும், உள்ளே இருந்த அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு பஸ் அங்கேயே நின்றது.